கதவைச் சாத்தாதேங்கோ

மிஸ்டர் அஷ்பியின் சவப்பெட்டிக்கு அருகில் எங்கள் ஆட்கள் வைத்திருந்த மலர்வளையத்தில் ஒரு வெள்ளை நாடா தொங்கியது. அதில் கொட்டை எழுத்தில், "போட்டு வாறன், கதவைச் சாத்தாதேங்கோ." செத்த மனிதனின் காலடியில் எழுதி வைக்கிற வசனமா இது? போய்விட்டு வருகிறேன், கதவைச் சாத்தாதீர்கள் என்று? வைத்தவர்களுக்கு அது அவருடைய பழைய தேர்தல் பகிடி. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் குசுகுசுவென்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வோட்டுக்கு வரேக்கை எங்களைவிட வடிவாத் தமிழ் கதைச்ச மனுசன். வெண்டாப் பிறகு ஒரு சொல்லு வாயிலை வரேல்லையே, கவனிச்சனீரோ?"

"பின்னை? அரசியல்வாதியெண்டால் உப்பிடித்தான்."

செத்தவீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். என்னோடு வந்த கஸ்தூரி, இப்போது அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கிற பிள்ளை, காரில் ஏறியதும் கேட்டாள். "அன்ரி, அவர் உண்மையிலையே தமிழ் கதைச்சவரோ? நீங்கள் அவரோடை வேலை செய்தனீங்கள்தானே? எழுதுங்கோவன்."

கதைத்தார். ஆனால் அது அவருடைய தமிழ் இல்லை. அது யாருடையது என்பதைத்தான் எழுதப்போகிறேன். விசாரணை அறையில் கேட்டதை வெளியில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தவள் நான். ஆனால் சம்பந்தப்பட்ட தாய் உயிரோடு இருந்தபோதே என் கையைப் பிடித்து, "எல்லாருக்கும் சொல்லு பிள்ளை" என்று சொல்லிவிட்டா. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அஷ்பி என்பதும் அவருடைய பெயரில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தது பெரிய கதை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியை. மொன்றியலுக்கு வந்து இரண்டு குளிர்காலம் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஒட்டினேன். பிறகு அகதி விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு சோதனை, ஒரு சத்தியம், ஒரு கதிரை. அவ்வளவுதான் பயிற்சி.

அந்தக் கதிரையின் முதல் சட்டம் இது. ஆள் "நான்" என்று சொன்னால் நீயும் "நான்" என்றே சொல்லவேண்டும். "என்னைக் கட்டிவைத்து அடித்தார்கள்" என்று ஒரு பெடியன் தமிழில் சொன்னால், சேலைக்கு மேலே கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு இருக்கிற நான், என்னைக் கட்டிவைத்து அடித்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்ற பேச்சே கிடையாது. எனக்கென்று ஏதாவது சொல்ல இருந்தால், ஒரு சொல் காதில் விழவில்லை என்றால்கூட, "மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை" என்றுதான் சொல்லவேண்டும். அந்த அறைக்குள் "நான்" என்ற சொல் எனக்குச் சொந்தமில்லை. வீட்டுக்கு வந்து "நான் தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டால் என் மனுசன் சிரிப்பார். "நீர் இரும், மொழிபெயர்ப்பாளர் போடட்டும்" என்பார். பகிடிதான். ஆனால் சில நாட்களில் கேத்தலைப் பிடித்திருக்கிற கை யாருடையது என்று எனக்கே ஒரு கணம் தெரியாமல் இருக்கும்.

மிஸ்டர் அஷ்பி லண்டனில் பாரிஸ்டராக இருந்தவர். தலையில் வெள்ளை மயிர்த்தொப்பி வைத்து, கறுப்பு அங்கி போட்டு வாதாடியவர். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி இங்கே வந்து, திரும்பவும் பரீட்சை எழுதி, அகதி வழக்குகளை எடுத்தார். எங்கள் சனம் அவரை "லண்டன் லோயர்" என்றுதான் சொல்லும். கியூபெக் வழக்கப்படி வழக்கறிஞரை "மெத்ர்" என்று அழைப்பார்கள். அது அவருக்குப் பிடிக்காது. "மிஸ்டர் போதும்" என்பார். விசாரணையில் எல்லாரும் இருந்தபடி பேசுகிற இடத்தில் அவர் மட்டும் எழுந்து நிற்பார். உள்ளே வரும்போது நீதிபதிக்குக் குனிகிற மாதிரி விசாரணை அதிகாரிக்குக் குனிவார். அதிகாரிகள் சிலர் சிரிப்பை அடக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. அவரிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர் தமிழில் பேசத் தொடங்கினால் கண்ணை மூடிவிடுவார். உதடு மட்டும் அசையும். மனுசன் செபிக்கிறாராக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒருநாள் இடைவேளையில் நடைபாதையில் என்னை மறித்தார். "மிஸஸ் நடராஜா, காலையில் அவர் ஒரு வசனத்தின் கடைசியில் ஏதோ ஒரு வால் வைத்தார். நீங்கள் அதைச் சொல்லவில்லை. அது என்ன?"

"எந்த வசனம்?" என்று கேட்டேன்.

கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். "வந்தது ஆமிக்காரர் எண்டு நினைக்கிறன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கட்சிக்காரக் கிழவர் எனக்குப் பின்னால் நிற்கிறார் என்று நினைத்தேன். ஒருவரும் இல்லை. கிழவர் கழிப்பறைக்குப் போயிருந்தார். வெற்றிலை போட்டுப் போட்டுத் தடித்த அந்த நாக்கு, நெஞ்சுச் சளியின் கரகரப்பு, எல்லாம் அந்த வெள்ளைக்காரரின் வாயிலிருந்து வந்தன. அவருக்குத் தமிழில் வணக்கம் என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அவர் சொன்னது சரி. "எண்டு நினைக்கிறன்" என்ற வாலை நான் விட்டிருந்தேன். வந்தவர்கள் ஆமிக்காரர் என்பதற்கும், ஆமிக்காரர் என்று நினைக்கிறேன் என்பதற்கும் இடையில் ஒரு உயிர் தொங்கும். உள்ளே போய்த் திருத்திச் சொன்னேன். ஆனால் அன்று முழுக்க என் பிடரி கூசிக்கொண்டே இருந்தது.

"எப்படி இது?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன். லண்டனில் அவருக்கு வேலை பழக்கிய மூத்த பாரிஸ்டர், நீதிமன்றத்தில் எழுதவே விடமாட்டாராம். குனிந்து எழுதுகிறவன் சாட்சியைப் பாதிதான் கேட்கிறான், குரலை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொள், பொருள் பிறகு வரும் என்பாராம். அஷ்பி இதைச் சொல்லும்போதே அந்தக் கிழட்டு பாரிஸ்டரின் குரல் வந்தது. அந்த மனிதர் செத்துப் பல வருடம் என்று பிறகுதான் சொன்னார்.

யூட் என்ற பெடியன் வந்தது ஊரில் போர் முடிந்த கையோடு. மன்னார்க் கடற்கரைப் பிள்ளை, கத்தோலிக்கன். இங்கே அவனுக்கு ஒருவருமில்லை. தாயும் தமக்கையும் ஊரில். பேசும்போது ஒவ்வொரு வசனத்தின் கடைசியையும் மேலே தூக்கிவிடுவான், கடலுக்குள் நிற்கிற வள்ளத்துக்குக் குரல் கொடுப்பவன் மாதிரி. "அம்மா" என்று சொல்லமுன்னம் மூச்சை ஒருக்கால் உள்ளே இழுப்பான். வழக்குக்குத் தயார்செய்ய அஷ்பியின் அலுவலகத்துக்கு அவன் அடிக்கடி போனான். விசாரணையில் மொழிபெயர்த்தது நான்.

அவன் சொன்ன கதையை நானே "நான்" என்று சொன்னதால் எனக்கு ஒரு எழுத்தும் மறக்கவில்லை. ஒருநாள் மாலை ஆமி வந்து தகப்பனைக் கூப்பிட்டது. தகப்பன் "போட்டு வாறன்" என்று சொல்லி இறங்கினார். எங்கள் சனம் வாசலில் நின்று "போறன்" என்று சொல்லாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லும். பயத்தில் தாய் உடனே கதவைச் சாத்திவிட்டா. தகப்பன் திரும்பி வரவில்லை. சில நாளில் உடலைக் கடற்கரையில் கண்டதாக ஆட்கள் சொன்னார்கள். தான் கதவைச் சாத்தினதால்தான் அந்த மனுசன் உள்ளே வரமுடியாமல் போனது என்று தாய்க்கு மனதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவர் வெளியே போனால் அவர் திரும்பும்வரை கதவு திறந்தே கிடக்கும். போகிறவர் தாய்க்கு ஆறுதலாக ஒரு துண்டு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார். போட்டு வாறன், கதவைச் சாத்தாதேங்கோ.

விசாரணை அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. தண்ணீரை அவரே ஊற்றி யூட்டிடம் நீட்டியவர். ஆனால் அவருக்கு இந்த இடம் தொண்டையில் முள்ளாக நின்றது.

"இராணுவத்துக்குப் பயந்த காலத்தில் உங்கள் வீட்டுக் கதவு திறந்தே இருந்ததா?"

"ஓம்."

"பயந்தவர்கள் கதவைப் பூட்டமாட்டார்களா?"

"பூட்டினால் அப்பா எப்பிடி உள்ளுக்கு வாறது?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பூட்டினால் அப்பா எப்படி உள்ளே வருவது? அதிகாரி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உங்கள் தந்தை இறந்துவிட்டதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்."

"ஓம்."

"இறந்தவருக்காகவா கதவைத் திறந்து வைத்தீர்கள்?"

யூட் என்னைப் பார்த்து, "ஓம்" என்றான். நானும் "ஆம்" என்றேன். சொன்ன பிறகு, பின்னால் இருந்த அறைக்கதவு சரியாகச் சாத்தப்படாமல் ஒரு கீற்றளவு திறந்திருப்பதைக் கண்டேன். யார் திறந்து வைத்தார்கள் என்று தெரியாது. விசாரணை தொடங்கும்போது அஷ்பிதான் அதை இறுக்கச் சாத்தியிருந்தார்.

அஷ்பி எழுந்து நின்று வாதாடியதைப் போல் ஒருவர் வாதாடி நான் கேட்டதில்லை. பயம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிக் கதவைப் பூட்டாது என்றார். எடுபடவில்லை. கதவைத் திறந்துவைத்துத் தூங்குகிற குடும்பத்தின் அச்சம் நம்பத்தக்கதல்ல என்று கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை.

அவனை நாட்டைவிட்டு அனுப்புகிற நாள் காலை, அஷ்பி தடுப்பு நிலையத்துக்குத் தனியாகப் போனார். நான் வேறொரு விசாரணையில் மாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் அவரைக் கண்டபோது முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அவன் தமிழில் பேசினான்," என்றார். "நீளமாக. எனக்கு விளங்காது என்று தெரிந்தும் பேசினான். ஒவ்வொரு வசனமாகச் சொல்லி என்னைத் திருப்பிச் சொல்லவைத்தான். நான் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை."

"சொல்லுங்கள், என்ன என்று நான் சொல்கிறேன்."

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "இன்றைக்கு வேண்டாம், மிஸஸ் நடராஜா" என்று சொல்லி நடந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

யூட் கொழும்பில் இறங்கினான் என்பதுவரைக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் ஒருவருமில்லை. அஷ்பி எழுதாத இடமில்லை, தட்டாத கதவில்லை. கடைசியில் வழக்கறிஞர் வேலையே வெறுத்துப்போனது அவருக்கு. அறைக்குள் நின்று வாதாடி என்ன பயன், சட்டம் எழுதுகிற இடத்துக்கல்லவா போகவேண்டும் என்றார். சில வருடம் கழித்து பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்துத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது வேட்பாளராக நின்றார். தமிழ் வீடுகளுக்குப் போகும்போது மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். சந்தோசமாகத்தான் போனேன்.

முதல் வீட்டில் தேத்தண்ணி குடித்து, வரி, வாடகை, குடும்பத்தைக் கூப்பிடுகிற விசா என்று எல்லாம் கதைத்து எழுந்தோம். வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். வாசலில் அஷ்பி திரும்பி நின்று சொன்னார்:

"போட்டு வாறன், கதவைச் சாத்தாதேங்கோ!"

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இஞ்சை பாரப்பா, இந்தக் குளிருக்கை கதவைச் சாத்தவேண்டாமாம்! லண்டன் லோயருக்கு எங்கடை பகிடியும் தெரியுது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது யூட். வசனத்தின் கடைசி மேலே போனது. அந்தப் பிள்ளையே எனக்குப் பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி.

படியில் இறங்கும்போது கேட்டேன். "இதை எங்கே பிடித்தீர்கள்?"

"ஏன், நீங்கள் 'குட்பை' சொல்வது அப்படித்தானே? யூட் என் அலுவலகத்தைவிட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் சொல்வானே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வசனத்தின் பொருளை விசாரணையில் என் வாயால் ஆங்கிலத்தில் கேட்டவர், அதன் ஓசையை அலுவலகத்தில் தமிழில் கேட்டவர், இரண்டும் ஒன்று என்று தெரியாமலே இருந்திருக்கிறார். முதல் பாதி எல்லாரும் சொல்வது, பின்பாதி அந்த ஒரு வீட்டுக்குரியது என்று சொன்னேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இனிமேல் சொல்லாதையுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன், கோபத்தில்.

இரண்டு நாளில் அந்த வசனம் துண்டுப்பிரசுரத்தில் அச்சாகி வந்தது. கேட்டால், "ஆட்களுக்குப் பிடித்திருக்கிறது, மிஸஸ் நடராஜா. அது கதவுகளைத் திறக்கிறது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாலை விட்டதற்கு என்னை நடைபாதையில் மறித்த மனிதர் இவர். தான் பொறுப்பெடுக்க முடியாத ஒரு வசனத்தை விசாரணை அறைக்குள் சொல்லவே மாட்டார். அரசியலுக்கு வந்ததும் சிரிப்பு வருகிறதா, வோட்டு வருகிறதா என்றுதான் பார்க்கிறார். விட்டுவிட்டுப் போயிருப்பேன். போகவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்தக் குரலை இன்னொருக்கால் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அந்தப் பெடியன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று ஒரு விசர் நினைப்பு.

பிறகு அது அவர் பிடியில் இல்லாமல் போகத் தொடங்கியது. கர்க்லாண்டில் நன்கொடை தருகிற ஒரு ஆங்கிலேயர் வீட்டுக்குப் போய்விட்டு வெளியே வந்தபோது, வாசலில் அஷ்பி அந்த வசனத்தைச் சொன்னார். அந்த வீட்டில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. "அவர்களிடம் ஏன் தமிழில் சொன்னீர்கள்?" என்று காரில் கேட்டேன்.

"நான் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார். பொய் சொல்கிற முகமில்லை அது. அன்றிலிருந்து அவர் எந்த வாசலில் திரும்பினாலும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை.

வாக்களிப்புக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறினோம். வெளிப்படிக்கட்டு, உப்புப் போட்டும் வழுக்கியது. மேலே போனால் வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. காற்று அள்ளிக்கொண்டு வந்த பனி வாசல்படியைத் தாண்டி உள்ளே மிதியடியில் குவிந்திருந்தது.

கூப்பிட்டதும் ஒரு பெண் ஓடிவந்தாள். ஸ்ரெல்லா என்று பெயர் சொன்னாள். "வாங்கோ, உள்ளை வாங்கோ. குறை நினையாதேங்கோ, அம்மா கதவைச் சாத்த விடமாட்டா. நான் கலியாணம் கட்டி இஞ்சை வந்து, பேந்து அம்மாவையும் கூப்பிட்டனான். வந்த நாள் தொடக்கம் உதுதான் கூத்து. பிள்ளையள் வீட்டுக்குள்ளை தொப்பியோடை இருக்குதுகள்."

உண்மைதான். ஒரு சிறு பெண் தொப்பி, கையுறை எல்லாம் போட்டபடி தொலைக்காட்சியில் பிரெஞ்சுக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு நேரே ஒரு கதிரையில், இரண்டு போர்வைக்குள் தாய். கையில் செபமாலை. ஸ்ரெல்லா பேசும்போது வசனத்தின் கடைசி மேலே எழும்பியது. நான் தாயின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டேன். "அம்மா, உங்களுக்கு எந்த இடம்?"

"மன்னார்" என்றா.

யூட்டின் ஊர். அஷ்பிக்கு ஒன்றும் தெரியாது, வழக்கம்போலப் பேசினார், நான் வழக்கம்போல "நான் உங்களுக்காகப் பாராளுமன்றத்தில்..." என்று மொழிபெயர்த்தேன். தாய் கேட்டதாகவே தெரியவில்லை. கதவிடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தா. எழுந்தபோது அஷ்பியின் கோட்டுக் கையைப் பிடித்து, "இங்கே அதைச் சொல்லவேண்டாம். தயவுசெய்து" என்றேன். அவர் தலையாட்டினார். எனக்கு நன்றாக ஞாபகம், தலையாட்டினார்.

வாசலில் திரும்பினார்.

"போட்டு வாறன், கதவைச் சாத்தாதேங்கோ."

செபமாலை நிலத்தில் விழுந்தது. ஸ்ரெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். தாய் மட்டும் பதறவில்லை. இவ்வளவு நாளும் எதிர்பார்த்த ஆள் சற்றுப் பிந்தி வந்த மாதிரித்தான் பார்த்தா.

"யூட்?" என்றா. அஷ்பியைப் பார்த்து அல்ல. அவருடைய வாயைப் பார்த்து.

யூட் என்ற பெயரைக் கேட்டதும் அஷ்பிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். தாய் எழுந்து கிட்ட வந்து, அந்த உயரமான மனிதரை அண்ணாந்து பார்த்துக் கேட்டா. "வேறை என்னடா சொன்னனீ, ராசா? அம்மாவுக்கு ஒண்டும் சொல்லிவிடேல்லையோ?"

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அஷ்பி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. மூச்சை ஒருக்கால் உள்ளே இழுத்தார்.

"அம்மா. நான் இந்தமுறை வரமாட்டன். எனக்குத் தெரியும். என்னைப் பாத்துக்கொண்டு கதவைத் திறந்துபோட்டு இருக்காதேங்கோ. பனி உள்ளை வருது. அப்பா போனது உங்களாலை இல்லை அம்மா. நீங்கள் சாத்தினதாலை இல்லை. சாத்திப்போட்டுப் படுங்கோ. அக்காவைக் கவனமாப் பாருங்கோ."

தொப்பி போட்ட சிறு பெண் தொலைக்காட்சியை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். "யாரம்மா கதைக்கிறது?" என்று கேட்டாள். அஷ்பி அவளுக்கு நேரே நின்றுகொண்டிருந்தார்.

அவர் கண்ணைத் திறந்தார். மிகவும் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். "நான் என்ன சொன்னேன்?"

என் வேலை அது. சொன்னேன். அம்மா, நான் இந்தமுறை வரமாட்டேன் என்று தொடங்கி ஒவ்வொரு வசனமாக. பனி என்ற சொல்லில் தடுக்கியது. மன்னாரில் பனி என்றால் விடியக்காலை இலையில் கிடக்கிற ஈரம். அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல். யூட் அதைத்தான் நினைத்திருப்பான். வேறெதை நினைக்கிறது? ஆனால் "வரும்" என்று சொல்லாமல் "வருது" என்றல்லவா சொல்லியிருந்தான்? மிதியடியைப் பார்த்தேன். குவிந்திருந்த வெள்ளையின் மேல் இன்னும் கொஞ்சம் வந்து விழுந்தது. இந்த ஊர்ப் பனிக்குரிய சொல்லையே சொன்னேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"நான் அதை நன்றி என்று நினைத்தேன்," என்றார் அஷ்பி. "அல்லது சாபம் என்று. எதுவாக இருந்தாலும் கேட்கப் பயந்தேன்." அவர் அழுதார். வளர்ந்த மனிதன் அப்படி அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை; நானும் அழுதேன். இந்தத் தேர்தல் முழுக்க எத்தனை வாசல்களில் நின்று அந்தத் தாய்க்குரிய செய்தியின் பிழையான பாதியைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார்.

தாய் அவருடைய கன்னத்தைத் தடவினா. மகனைத் தடவுகிற மாதிரி இல்லை. தூரத்திலிருந்து பொதி கொண்டுவந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி. பிறகு ஸ்ரெல்லாவிடம், "அந்த மிதியடியை உதறிப்போடு பிள்ளை" என்றா.

நாங்கள் வெளியே வந்தோம். படியில் கால்வைக்கமுன்னம் அஷ்பி பழக்கதோசத்தில் திரும்பினார், வாயைத் திறந்தார். "போத்து வாரான்..." என்று எந்த வெள்ளைக்காரனும் சொல்வதுபோல ஏதோ வந்தது. இன்னொருக்கால் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு வென்று, எம்.பி. ஆகி, பொங்கல் விழாக்களில் ஆட்கள் கெஞ்சிக் கேட்டும் அவர் ஒரு தமிழ்ச் சொல் சொல்லவில்லை. வென்றதும் தமிழை விட்டுவிட்டார் என்று செத்தவீட்டில் குறை சொன்னவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான்.

எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. கொளுக்கி விழுந்த சத்தம். பிறகு, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தாயின் குரல்.

"சாத்திட்டன், ராசா."

அதற்கு உள்ளேயிருந்து இன்னொரு குரல், ஸ்ரெல்லாவினது அல்லாத ஒன்று, மூச்சை உள்ளே இழுத்து ஏதோ சொன்னது. வசனத்தின் கடைசி மேலே எழும்பிப் போனது.

அஷ்பி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

"மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன்.